முதல் பட்டதாரியின் தங்கை

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி அண்ணன். குடும்பத்தில் அதுவரை பட்டதாரியே இல்லாதவர்கள் ஒற்றைச் சாளர முறையில் தொழிற்கல்வியில் சேர்ந்தால், கல்விக் கட்டணத்தைத் தமிழ்நாடு அரசே ஏற்கும் என்ற திட்டம் 2010-11இல் வந்தது. அண்ணன் அதில் படித்தான். நான்கு வருடம் கழித்து நான் கணினிப் பொறியியலுக்குப் போனபோது, சான்றிதழ் கேட்ட இடத்தில் அம்மாவிடம், "வீட்டுக்கு ஒரு முதல் பட்டதாரிதாம்மா" என்றார்கள். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. திட்டத்தில் ஆண், பெண் பேதமில்லை. பேதம் எங்கள் வீட்டில் இருந்தது. எங்கள் இருவருக்கும் மூத்த அக்காவைப் பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டார்கள்.

கடலூர் மாவட்டத்துக்கு இது பழைய கதை. கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நந்தனாரின் பெயரில், தலித் பிள்ளைகளுக்காகச் சுவாமி சகஜானந்தா 1916இல் சிதம்பரத்தில் பள்ளி தொடங்கினார். அதே ஊரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது 1929இல். கதவு திறந்தாலும் உள்ளே போனவரை யார் உட்கார வைப்பது என்ற கேள்வி அன்றும் இருந்தது.

நான் படித்த கல்லூரியில் 60 பேரில் 34 பேர் பெண்கள். அமெரிக்காவில் தலைக்கணக்கே பிரச்சினை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் சேர்ந்தவர்களில் பெண்கள் 1995இல் 7 சதவீதம், 2000இல் 42. முன்பே புரோகிராம் எழுதியவர்களுக்கான முன்னுரிமையைக் கைவிட்டார்கள், அனுபவத்துக்கேற்ப முதல் பாடத்தைப் பிரித்தார்கள். நம்மூரில் கேட்க வேண்டியது, எந்தப் பெண்கள் என்பதை. லேபில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். ஆங்கில வழியில் படித்தவள் கீபோர்டைப் பிடித்துக்கொள்வாள். தமிழ் வழியில் வந்த நான் அப்சர்வேஷன் நோட்டை அழகாக எழுதுவேன். மாலை ஆறரைக்கு விடுதிக் கதவு மூடிவிடும், பையன்கள் லேபில் இருப்பார்கள். (விடுதிப் பூட்டுக்கு எதிராக டெல்லி மாணவிகள் 2015இல் 'பிஞ்ச்ரா தோட்' தொடங்கிய செய்தியை ஒரு கிழிந்த பேப்பரில்தான் படித்தேன்.)

என்னைக் காப்பாற்றியவர் புவனகிரியிலிருந்து வந்த மூன்றாமாண்டு அக்கா. ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாலு பேரையும் மாடிப்படியில் உட்கார வைப்பார். "பாயிண்டர்னா வீடு இல்லடி, வீட்டு விலாசம் எழுதின சீட்டு." ஒரு செமஸ்டராக மண்டையில் ஏறாதது அன்றைக்கு ஏறியது. ஆராய்ச்சி என்று ஒன்று இருப்பதையும் அவரே சொன்னார். ஒரு பேராசிரியரின் அறை வாசல் வரை தள்ளிக்கொண்டு போய், "உள்ள போய்க் கேளு" என்று விட்டுவிட்டார். இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, பெயரும் கிடையாது. சீனியர் பெண்கள் செய்துகொண்டே இருந்தார்கள், எந்தப் பதிவேட்டிலும் அது ஏறவில்லை.

இப்போது நான் பாடம் நடத்துகிறேன். லேபில் கால் மணிக்கு ஒரு முறை கீபோர்டு கை மாற வேண்டும். முணுமுணுப்பார்கள், மாற்றுவார்கள்.

போன வருடம் ஒரு மாணவி முதல் பட்டதாரி சான்றிதழைக் காட்டினாள். தம்பி இருக்கிறானா என்று கேட்டேன். பிளஸ் ஒன் படிக்கிறானாம். சலுகையை அவனுக்கு வைத்திருக்கலாமே என்று அப்பா இன்னும் பேசாமல் இருக்கிறாராம்.