தம்புனான் தொகுதியும் தவளைக் கதையும்



2020ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் கூட்டரசு அரசாங்கம் கவிழ்ந்த வாரம் அது. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, தொலைக்காட்சியில் பெரியவர்களைத் 'தவளை' என்று சொல்கிறார்கள். நாங்கள் சொன்னால் மட்டும் அடிப்பீர்களே, ஏன்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். ஆனால், விடை சொல்லத் தொடங்கியபோதுதான் அது அத்தனை எளிதான வினா அன்று என்பது புரிந்தது.

ஒரு கட்சியின் சின்னத்தில் வென்று இன்னொரு கட்சிக்குத் தாவுகிறவரை நம் நாட்டில் 'காத்தாக்', அதாவது தவளை என்பர். கட்சி மாறியவர் அனைவரையும் அந்த ஒரே சொல்லால் நிறுத்துவிடலாமா? என் உள்ளத்தில் உடனே எழுந்த பெயர் சபா மாநிலத்தின் டான்ஸ்ரீ ஜோசப் பைரின் கித்திங்கான். தீபகற்பத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்குச் சபா என்றால் கினபாலு மலை, அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நமக்கும் பெரும்பாலும் அந்த அளவே. ஆதலால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பைரின் 1940இல் பாப்பாரில் பிறந்தவர். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, கடசான் இனத்தின் முதல் வழக்கறிஞர் எனப் பெயர் பெற்றவர். 1976ஆம் ஆண்டு மாநிலத் தேர்தலில் பெர்ஜாயா கட்சியின் வேட்பாளராகத் தம்புனான் தொகுதியில் வென்றார். தம்புனான் என்பது குரோக்கர் மலைத்தொடரின் மடியில், நெல்வயல்கள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு. அந்தத் தேர்தலில்தான் பெர்ஜாயா ஆட்சியைப் பிடித்தது. முதலமைச்சரான துன் ஃபுவாட் ஸ்டீபன்ஸ் இரண்டே மாதத்தில், 1976 ஜூன் 6ஆம் நாள், விமான விபத்தில் மாண்டார். அவருக்குப் பின் ஹாரிஸ் சாலே முதலமைச்சரானார். அவருடைய அமைச்சரவையில் பைரினும் இடம்பெற்றிருந்தார்.

பிணக்கு மெல்ல மெல்ல வளர்ந்தது. 1980ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கடசான், மூருட், பஜாவ் முதலிய இனங்களைத் தனித்தனியே காட்டாமல் 'பிரிபூமி' என்ற ஒற்றைத் தலைப்பில் அடைத்தனர். தன் இனத்தின் பெயரே பட்டியலிலிருந்து மறைந்துவிட்டால் ஒருவனுக்கு எப்படி இருக்கும் என்பதை நாம் எளிதில் உணரலாம்.  அதன்பின் 1984 ஏப்ரலில் லாபுவான் தீவு சபாவிடமிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமாயிற்று. மாநிலத்தின் நிலம் கைமாறியதே என்ற மனக்குறை பலருக்கு இருந்தது. அதே ஆண்டில் கடசான் மக்கள் பைரினைத் தங்கள் 'ஹுகுவான் சியோ', அதாவது தலையாய தலைவராக ஏற்றனர். அவருக்கு முன் அந்தச் சிறப்பைப் பெற்றிருந்தவர் மறைந்த ஃபுவாட் ஸ்டீபன்ஸ் ஒருவரே.

1984இல் பைரின் பெர்ஜாயாவை விட்டு விலகினார். தம்புனான் தொகுதி காலியாகி, அவ்வாண்டு டிசம்பர் 29ஆம் நாள் இடைத்தேர்தல் நடைபெற்றது. பைரின் எந்தக் கட்சியின் துணையும் இன்றிச் சுயேச்சையாக நின்றார். எதிரே இருந்ததோ மாநில அரசின் முழு பலமும் பெற்ற பெர்ஜாயா. முடிவில் பைரின் மிகப்பெரும் வாக்கு வேறுபாட்டில் வென்றார்.

என் கருத்தில், இந்த ஒரு நாளே அவரைத் தவளைக் கூட்டத்திலிருந்து பிரித்து நிறுத்துகிறது. கட்சி மாறிய அவர், தமக்கு வாக்களித்த அதே மக்களின் முன் மீண்டும் சென்று நின்றார். 'நான் மாறிவிட்டேன்; இன்னும் நான் உங்களுக்கு வேண்டுமா?' என்ற வினாவிற்கு அவர்கள் வாக்குச் சீட்டில் விடையெழுதினர். தாவல் என்று அதைச் சொல்வதற்கு எனக்கு நா எழவில்லை.

அதற்கு ஆட்சியாளர்கள் அளித்த மறுமொழியைப் பாருங்கள். தம்புனானின் மாவட்டத் தகுதி பறிக்கப்பட்டு, அது துணை மாவட்டமாகக் குறைக்கப்பட்டது. வாக்களித்த குற்றத்திற்கு ஓர் ஊருக்கே தண்டனை! வகுப்பில் ஒருவன் செய்த குறும்புக்காக முழு வகுப்பையும் வெயிலில் நிற்க வைக்கும் ஆசிரியரை நாம் பார்த்திருக்கிறோம். நானே இளவயதில் அப்படிச் செய்ததுண்டு. அதனால் அந்த வகுப்பு திருந்தியதாக எனக்கு நினைவில்லை. சபாவிலும் அப்படியே ஆயிற்று.

1985 மார்ச் மாதம் பைரினின் புதிய கட்சியான சபா ஐக்கியக் கட்சி (பி.பி.எஸ்.) பதிவு பெற்றது. அடுத்த மாதமே மாநிலத் தேர்தல். கட்சிக்கு வயது ஏறத்தாழ ஏழு வாரம். 48 தொகுதிகளில் பி.பி.எஸ். 25ஐ வென்றது. துன் முஸ்தபாவின் உஸ்னோ 16, பெர்ஜாயா 6, பாசோக் 1. ஹாரிஸ் சாலே தம் சொந்தத் தெனோம் தொகுதியிலேயே தோற்றார்.

அன்றிரவு நடந்தது நாடகங்களிலும் காணக் கிடைக்காது. அப்போது சபா சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட 48 பேருடன், அரசு விரும்பினால் 6 நியமன உறுப்பினர்களையும் சேர்க்க முடிந்தது. உஸ்னோ 16, பெர்ஜாயா 6, இன்னும் நியமிக்கப்படாத அந்த 6 பேர், கூட்டினால் 28. பி.பி.எஸ்.சுக்கோ 25! இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, ஏப்ரல் 22ஆம் நாள் பொழுது விடியுமுன் இஸ்தானாவுக்குச் சென்ற துன் முஸ்தபா, ஆளுநர் துன் அட்னான் ரோபர்ட் முன்னிலையில் முதலமைச்சராக உறுதிமொழி எடுத்துக்கொண்டார். பிரதமர் மகாதீர் அப்போது நாட்டில் இல்லை. பிரதமர் பொறுப்பைக் கவனித்துவந்த மூசா ஹீத்தாம், மக்களின் தீர்ப்பே நிலைக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தார். அன்று இரவே முஸ்தபாவின் நியமனம் மீட்டுக்கொள்ளப்பட்டு, பைரின் முதலமைச்சராகப் பதவியேற்றார். ஒரே நாளில் இரண்டு முதலமைச்சர்கள்! வழக்கு நீதிமன்றம் சென்றது. 1986 ஏப்ரலில் முஸ்தபாவின் வழக்கு தள்ளுபடியானது. இடையே கோத்தா கினபாலுவில் கலவரமும் குண்டுவெடிப்பும் நிகழ்ந்தன. 1986 மே மாதம் மீண்டும் தேர்தல் நடத்தப்பட, பி.பி.எஸ். 34 இடங்களுக்கு உயர்ந்தது. பின்னர் தேசிய முன்னணியிலும் சேர்ந்தது. 1990 ஜூலையில் 36 இடங்கள்.

இதுவரை படித்தவர்கள், ஆசிரியர் ஒரு வீரவரலாறு எழுத வந்துள்ளார் என்று எண்ணியிருக்கலாம். அப்படியன்று. 1990 அக்டோபரில் பொதுத்தேர்தல் வந்தது. வேட்புமனுத் தாக்கல் முடிந்த பிறகு, வாக்களிப்புக்குச் சில நாள்களே இருக்கையில், பி.பி.எஸ். தேசிய முன்னணியை விட்டு விலகி, செமாங்காட் 46 தலைமையிலான எதிரணியின் பக்கம் சென்றது. அந்த நேரத்தில் தேசிய முன்னணியால் மாற்று வேட்பாளரை நிறுத்தவும் இயலாது. மகாதீர் இதை முதுகில் குத்திய செயல் என்று சாடினார். பி.பி.எஸ். தான் போட்டியிட்ட 14 நாடாளுமன்றத் தொகுதிகளையும் வென்றது உண்மை. ஆயினும், 1984இல் நேர்வழியில் மக்களிடம் சென்ற அதே மனிதர், 1990இல் எதிரிக்கு மூச்சுவிடவும் நேரம் தராத வேளையைத் தேர்ந்தெடுத்தார். அரசியல் தந்திரம் என்று இதைப் போற்றுவோர் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை.

அதற்கான விலை பெரிது. பைரின் மீது ஊழல் வழக்கு தொடரப்பட்டது. தம்பி ஜெஃப்ரி கித்திங்கான் 1991இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார். 1994 ஜனவரியில் பைரினுக்கு விதிக்கப்பட்ட அபராதம் 1,800 ரிங்கிட். அது 2,000 ரிங்கிட்டைத் தொட்டிருந்தால் அவர் பதவியை இழந்திருப்பார். இருநூறு ரிங்கிட்டில் தப்பினார். அடுத்த மாதமே நடந்த மாநிலத் தேர்தலில் பி.பி.எஸ். 25, தேசிய முன்னணி 23. வென்ற தலைவர் இஸ்தானா வாயிற்கதவுக்கு வெளியே, வண்டியில் அமர்ந்தபடி, ஏறத்தாழ 36 மணி நேரம் காத்திருந்து பதவியேற்றார்.

ஆனால் அந்த 25 பேரும் நிலைக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக விலகினர். அண்ணனை விட்டுப் பிரிந்தவர்களில் தம்பி ஜெஃப்ரியும் ஒருவர். ஒரு மாதம் நிறைவதற்குள், 1994 மார்ச் 17ஆம் நாள், பைரின் பதவி விலகினார். சக்காரான் டன்டாய் முதலமைச்சரானார். கட்சி மாறி எழுந்தவரின் ஆட்சி, கட்சி மாறியவர்களாலேயே விழுந்தது. இவ்விரண்டும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். விலகியவர்களில் எவரும் தொகுதியைத் துறந்து, மக்களிடம் மீண்டும் வாக்குக் கேட்டு ஆட்சியை மாற்றவில்லை. வேறுபாடு அதுதான்.

அப்போது சட்டம் என்ன செய்தது? கிளந்தான் மாநிலம் 1991இல் தன் அரசமைப்பில் தாவல் தடையைச் சேர்த்தது. செமாங்காட் 46 சார்பில் வென்று அம்னோவுக்கு மாறிய நோர்டின் சாலேயும் இன்னொருவரும் பதவியிழந்து, இடைத்தேர்தலில் நின்று தோற்றனர். பிறகு நீதிமன்றம் சென்றனர். கூட்டுச் சேரும் உரிமையைக் கூட்டரசு அரசமைப்பின் 10ஆவது விதி காக்கிறது என்று கூறி, உச்ச நீதிமன்றம் 1992இல் அந்த மாநிலச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. மக்கள் தோற்கடித்தவர் வழக்கில் வென்றார்! இத்தீர்ப்பைத் தொடர்ந்து முப்பது ஆண்டுகள் தாவல் தங்குதடையின்றி நடந்தது. 2009இல் பேராவில் மூவர் விலகி ஆட்சி கவிழ்ந்ததையும், சட்டமன்றத் தலைவர் வி. சிவகுமார் மார்ச் மாதம் மரத்தடியில் கூட்டம் நடத்தியதையும், மே மாதம் அவர் நாற்காலியிலிருந்து அகற்றப்பட்டதையும் நம்மவர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இதில் இன்னொரு முரணும் உண்டு. 1990இல் திருத்தப்பட்ட 48(6)ஆவது விதிப்படி, நாடாளுமன்றப் பதவியைத் தாமாகத் துறப்பவர் ஐந்தாண்டுக்குத் தேர்தலில் நிற்க முடியாது. அதாவது, கட்சி மாறிவிட்டுப் பதவியில் ஒட்டிக்கொண்டிருப்பவருக்குத் தடையில்லை. பதவியைத் துறந்து மக்களிடம் திரும்பிச் செல்ல விரும்புபவருக்கே தடை! நேர்மையான வழியை அடைத்து, குறுக்கு வழியைத் திறந்து வைத்த விதி அது.

2022 ஜூலை 28ஆம் நாள் மக்களவை 209 வாக்குகளால் கட்சித் தாவல் தடைத் திருத்தத்தை ஏற்றது. அவ்வாண்டு அக்டோபரில் அது நடப்புக்கு வந்தது. கட்சியை விட்டு விலகும் உறுப்பினர் தொகுதியை இழப்பார். 48(6) நீக்கப்பட்டதால் அவர் மீண்டும் நின்று மக்களின் தீர்ப்பைக் கேட்கலாம். தம்புனான் வாக்காளர்கள் 1984இல் செய்ததை இப்போது சட்டமே வற்புறுத்துகிறது. சபாவும் 2023இல் தன் அரசமைப்பைத் திருத்தியது. ஆனால், ஒரு கட்சி முழுவதுமாகக் கூட்டணி மாறினால் இச்சட்டம் தலையிடாது. 1990 அக்டோபர் நிகழ்வு இன்று நடந்தாலும் குற்றமாகாது.

பைரின் 2002இல் கட்சியுடன் தேசிய முன்னணிக்குத் திரும்பினார். பின்னர் துணை முதலமைச்சராகவும் நெடுங்காலம் இருந்தார். 1976 முதல் நாற்பத்திரண்டு ஆண்டுகள் தம்புனான் அவரைக் கைவிடவில்லை. 2018 மே 9ஆம் நாள் கைவிட்டது. கெனிங்காவ் நாடாளுமன்றத் தொகுதியை 45 வாக்குகளில் இழந்தார். தம்புனான் சட்டமன்றத் தொகுதியையும் இழந்தார். இரண்டிலும் அவரை வென்றவர், அதற்குள் பல கட்சிகளைக் கண்டிருந்த தம்பி ஜெஃப்ரி.

இந்தக் கதையை மாணவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லி முடித்தபோது மணி அடித்துவிட்டது. அந்தப் பையன் புத்தகப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "அப்படியானால் ஐயா, தம்பியை மட்டும் தவளை என்று சொல்லலாமா?" என்றான். அவரையும் மக்கள்தானே வாக்களித்து வெற்றிபெறச் செய்தனர் என்றேன். அவன் சற்று நேரம் யோசித்துவிட்டு, சிற்றுண்டிச் சாலைக்கு ஓடிவிட்டான்.