உத்தியோகமா, பட்டமா? மைசூர் சொல்லும் சரித்திரம்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ எச்-1பி விசா சம்பந்தமாகக் கூடுதல் ஆதாரம் கேட்டுக் குடியேற்ற இலாகாவிடமிருந்து கடிதம் வந்துவிட்டால், நம் வீடுகளில் பதில் வரும்வரை நிம்மதி கிடையாது. "முதல் வகுப்பில் தேறியவனாயிற்றே, இவனுக்கா தகுதி இல்லை?" என்று பாட்டி அங்கலாய்ப்பாள். பல சமயம் அந்தக் கடிதம் பையனின் தகுதியைப் பற்றியதே அல்ல. அவன் பார்க்கும் வேலைக்கு உண்மையிலேயே ஒரு குறிப்பிட்ட துறையின் பட்டம் தேவைதானா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. நம் முன்னோர்கள் மைசூர் சமஸ்தானத்தில் இதைச் சந்தித்திருக்கிறார்கள்.

1831 முதல் ஐம்பது வருஷங்கள் மைசூர் ஆங்கிலேய கமிஷனர்களின் நிர்வாகத்தில் இருந்தது. செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ரங்காசார்லு 1868-ல் அரண்மனைக் கணக்குகளைச் சீர்செய்ய மைசூர் வந்தார். அதே வருஷம் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து, சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்த சேஷாத்ரி ஐயர் அஷ்டகிராம டிவிஷனில் நீதித்துறைச் செயலராக வந்து சேர்ந்தார். 1881-ல் ஆட்சி மீண்டும் மகாராஜாவிடம் வந்தபோது ரங்காசார்லு திவானானார். 1883-ல் அவர் காலமானதும் சேஷாத்ரி ஐயர் பொறுப்பேற்று, 1901 வரை பதினெட்டு வருஷங்கள் திவானாக இருந்தார்.

1857-லேயே சென்னையில் பல்கலைக்கழகம் ஏற்பட்டுவிட்டது. மைசூருக்கென்று பல்கலைக்கழகம் அப்போது இல்லை. ஆகவே ரெவின்யூ, நீதி, கணக்கு இலாகாக்களுக்குச் சென்னை ராஜதானிப் பட்டதாரிகள் வரவழைக்கப்பட்டார்கள். உள்ளூரில் முணுமுணுப்பு கிளம்பியது. 'மைசூர் மைசூர்க்காரர்களுக்கே' என்ற கோஷமும் எழுந்தது. இந்த வேலைகளுக்குப் படிப்பு வேண்டும், படித்தவர்கள் இங்கே போதவில்லை என்பது ஒரு தரப்பு. எல்லா நாற்காலிக்குமா வெளியூர்ப் பட்டம் வேண்டும், வந்தவர்கள் தங்கள் மனிதர்களையே இழுத்துக்கொள்ளவில்லையா என்பது மறுதரப்பு. நம்மவர்களின் பெருமையைப் பேசும் நாம், இந்த இரண்டாவது கேள்வியிலும் நியாயம் இருந்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

யாரும் கேள்வி கேட்க முடியாத வேலைகளும் இருந்தன. சிவசமுத்திரத்தில் காவேரியிலிருந்து மின்சாரம் எடுத்து, சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பும் திட்டம் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கி 1902-ல் நிறைவேறியது. மின்சாதனங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியுடையவை. அவற்றை நிறுவ அமெரிக்க இன்ஜினியர்களும் வந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். அன்று விசேஷ அறிவுக்காக அவர்கள் இங்கே வந்தார்கள்!

சமஸ்தானம் கண்ட பரிகாரம் இரண்டு. சிவில் சர்வீஸுக்குப் போட்டித் தேர்வு வந்தது. பிறகு விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்தபோது, 1916-ல், மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. உள்ளூரிலேயே பட்டதாரிகள் உருவானார்கள்.

அமெரிக்கா இதே கேள்வியைச் சட்டமாகவே எழுதி வைத்தது. 1952-ம் வருஷச் சட்டத்தில் எச்-1 விசா 'தனிச்சிறப்பும் திறமையும்' உடையவர்களுக்கு என்றிருந்தது. அதாவது பார்வை ஆளின் மேல் இருந்தது. 1990-ம் வருஷச் சட்டம் 'சிறப்புத் தொழில்' என்று மாற்றிப் பார்வையை வேலையின் மேல் திருப்பியது. அந்தப் பதவிக்குச் சாதாரணமாகப் பட்டம் வேண்டுமா, அதே தொழிலில் மற்ற நிறுவனங்களும் கேட்கின்றனவா, இந்த முதலாளி வழக்கமாகக் கேட்பவரா, வேலையே அவ்வளவு நுட்பமானதா என்ற நான்கில் ஒன்றையாவது நிறுவனம் நிரூபிக்க வேண்டும். பட்டமும் வேலைக்கு நேரடித் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். மைசூரில் இன்ஃபோசிஸ் நடத்தும் பயிற்சி வளாகத்தில் மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிகல் என்று எல்லாப் பிரிவு இன்ஜினியர்களும் மென்பொருள் கற்கிறார்கள். நம் ஊரில் அது சாமர்த்தியம். எந்தப் பிரிவு படித்தாலும் செய்யலாம் என்றால் இது எப்படிச் சிறப்புத் தொழில் ஆகும் என்று கேட்க அமெரிக்க அதிகாரிக்கு இடம் கிடைத்துவிடுகிறது. கம்ப்யூட்டர் புரோகிராமர் வேலையை அப்படியே சிறப்புத் தொழிலாக ஏற்க முடியாது என்று 2017-ல் அந்த இலாகா நிலை எடுத்தது. 2020 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அந்தப் போக்கில் எழுந்த மறுப்பைத் தள்ளுபடி செய்தது. 2021-ல் அந்தச் சுற்றறிக்கை வாபஸானது. 2025 ஜனவரியில் அமலான விதி, படிப்புக்கும் வேலைக்கும் தர்க்கரீதியான தொடர்பு காட்டினால் போதும் என்று விளக்கியது. வெறும் சேவை செய்வதாக இல்லாமல், வாடிக்கையாளர் நிறுவனத்தின் பதவியொன்றையே நிரப்ப அனுப்பப்பட்டால் அந்த வாடிக்கையாளர் கேட்கும் தகுதிதான் முக்கியக் கணக்கு என்றும் சொன்னது.

ஆகவே நம் இளைஞர்கள் மார்க் ஷீட்டை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. தினமும் செய்யும் வேலை என்ன, அதில் எந்தப் பகுதிக்குக் கல்லூரியில் படித்த எந்தப் பாடம் உதவுகிறது என்பதை நிறுவனம் கடிதத்தில் விவரமாக எழுதும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. வெறும் பதவிப் பெயர் உதவாது.

சேஷாத்ரி ஐயரின் பெயர் இன்றும் நிற்பது அவர் வாங்கிய பட்டத்தினால் அல்ல. சிவசமுத்திரத்து மின்சாரத்தினால்தான்.