மன்னார் வளைகுடா: மனு போட்டது யார்?

கடலட்டைக்கு வாய் கிடையாது. ஆவுளியாவுக்கு (புத்தகத்தில் கடற்பசு என்று எழுதுகிறார்கள்) கையெழுத்துப் போடத் தெரியாது. பவளப்பாறை எந்த ஆபீசுக்கும் நடந்து போகப் போவதில்லை. ஆகவே அவற்றைக் காப்பாற்றப் பணம் கேட்டு யாரோ மனு எழுதுகிறார்கள். எழுதுகிறவர் யார்? அந்த மனுவில், கடலில் முங்கிப் பிழைக்கிற சனங்களுக்கு என்ன பேர் வைக்கிறார்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தேடினால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1

எட்கர் தர்ஸ்டன் என்ற பெயர் நமக்குப் பழக்கமானது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர். 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பட்டியல் போட்டவர். நம் தாத்தன்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து எழுதியவர் என்றுதான் இவரை நாம் அறிவோம். அவர் செய்த இன்னொரு வேலையை நம் பக்கத்தில் அதிகம் பேசுவதில்லை. சாதிகளை அளப்பதற்கு முன்பே, 1890இல், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றியும் கடல் உயிர்களைப் பற்றியும் புத்தகம் போட்டவர் அவர். ஒரே ஆள், ஒரே அருங்காட்சியகம். கடலில் கிடந்ததும் மாதிரி, கரையில் நின்றவனும் மாதிரி.

ராமேசுவரம், பாம்பன் பக்கத்துக் கடையர்கள் அவர் தொகுதியில் சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுடுகிற கூட்டமாக வருகிறார்கள். அந்தச் சுண்ணாம்பு கோயில் மதிலுக்கும் பெரிய வீட்டுச் சுவருக்கும் போனது. சுட்டவர்களுக்கு அந்த மதிலுக்கு உள்ளே இடமில்லாத காலம் அது. பரவர்களோடும் கீழக்கரை முஸ்லிம்களோடும் சேர்ந்து கடையர்களும் முத்துக்கும் சங்குக்கும் முங்கினார்கள். மூச்சு இவர்களுடையது. முத்துப்பாரோ பாண்டியன், போர்ச்சுகீசியன், டச்சுக்காரன், இங்கிலீசுக்காரன் என்று கை மாறிக்கொண்டே வந்தது. சங்கு எடுக்கிற உரிமை இடத்துக்குத் தக்கபடி சர்க்காரிடமும் ராமநாதபுரம் ஜமீனிடமும் இருந்தது. எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய் அங்குள்ள பெண்களுக்கு வளையலானது. முங்கினவனுக்குக் கூலி மட்டும்.

கடலட்டையும் அப்படித்தான். அவித்து, உலர்த்தி, சீனச் சந்தைக்கு அனுப்புகிற வியாபாரம் பழசு. மதராஸ் மீன்துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் 1917இலேயே இந்தத் தொழிலின் வரலாற்றை எழுதிவிட்டார். உள்ளூரில் யாரும் தின்னாத ஒரு உயிரை வெளிச்சந்தைக்காக அள்ளச் சொன்னவர்கள் கரையில் முதல் போட்ட வியாபாரிகள். கடல் வெறுமையானதற்குக் கணக்கு யார் பேரில் எழுதப்பட்டது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கடையர் இன்று பட்டியல் சாதி. 2021இல் ஏழு பெயர்களைச் சேர்த்து தேவேந்திரகுல வேளாளர் என்று சட்டத் திருத்தம் வந்தபோதும் கடலோரக் கடையர் தனிப் பெயரோடே பட்டியலில் நின்றார்கள். தலித் என்றால் வயல், பறை, சேரி என்றே நம் எழுத்து பழகிப் போயிருக்கிறது. உப்புத் தண்ணியில் நிற்கிற தலித் நம் பக்கங்களுக்குள்ளும் அதிகம் வரவில்லை.

2

1986இல் தமிழக அரசு மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989இல் மத்திய அரசு 10,500 சதுர கிலோமீட்டரை உயிர்க்கோளக் காப்பகம் ஆக்கியது. 2001 ஜூலையில் கடலட்டை, கடல்குதிரை, பவளம் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் போயின. யானைக்கும் புலிக்கும் உள்ள அதே அட்டவணை. பிடித்தால் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு சிறை.

காக்க வேண்டியதுதான். அதில் நமக்குச் சண்டை இல்லை. தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கும் சுண்ணாம்புக்கும் பவளத்தை வெட்டி ஏற்றியதில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கண்ணெதிரே கடலுக்குள் போய்விட்டன. பாறை செத்தால் மீன் சாகும், மீன் செத்தால் முதலில் பட்டினி கிடப்பது கரைவலைக்காரனும் முங்குகிறவளும்தான். விசைப்படகுக்காரன் வேறு கடலுக்குப் போய்விடுவான்.

சண்டை வேறு இடத்தில் இருக்கிறது. 1983ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது என்கிறது. மீறினால் அபராதம். கட்டிவிட்டு மறுபடி போகலாம். இழுவைமடி அடித்தரையைச் சுரண்டுகிறது, கடல்புல்லைப் பிடுங்குகிறது, அட்டையையும் குஞ்சையும் சேர்த்தே வாருகிறது. ஆனால் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு தீவோரம் பாசி எடுக்கப் போகிற பொம்பளை வனக் குற்றவாளி. முதல் போட்டவனுக்கு அபராதம், மூச்சைப் போட்டவளுக்கு வழக்கு.

அந்தப் பாசி எடுக்கிற வேலையைச் சொல்ல வேண்டும். கண்ணாடி ஒன்று, விரலில் சுற்றிய துணி, வலைப்பை. சிலிண்டர் கிடையாது. மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் கையால் பறிக்க வேண்டும். கடையர் உட்படப் பல சமூகத்துப் பெண்கள் தலைமுறையாகச் செய்கிற வேலை இது. மரிக்கொழுந்திலிருந்துதான் அகர் எடுக்கிறார்கள். ஐஸ்கிரீமிலும் மருந்திலும் சேருகிறது. பூங்காக் கெடுபிடி வந்த பிறகு இந்தப் பெண்கள் தாங்களே கூடிப் பேசினார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, இரும்புச் சுரண்டியைத் தொடாமல் கையாலேயே பறிப்பது, தடைக்காலத்தில் ஓய்வு என்று முடிவு கட்டினார்கள். இதற்குப் பேர்தான் பாதுகாப்பு. ஆனால் இதற்கு எந்தத் திட்ட எண்ணும் கிடையாது. சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு 10,000 டாலர் பரிசு கொடுத்தது. கலிஃபோர்னியாவுக்குத் தெரிந்தது நம்ம ஊர் ஆபீசுக்குத் தெரிய இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

3

இப்போது மனுவுக்கு வருவோம்.

உலகச் சுற்றுச்சூழல் வசதி என்ற நிதி 1991இல் உலக வங்கிக்குள் தொடங்கி 1994இல் மாற்றி அமைக்கப்பட்டது. இதனிடம் பணம் கேட்க ஒரு முறை இருக்கிறது. அந்தந்த நாட்டு அரசு நியமித்த அதிகாரி ஒப்புதல் கடிதம் தர வேண்டும். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் போன்ற ஒரு முகமை மனுவைச் சுமந்து போக வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமான விதி, உலகம் முழுமைக்கும் கிடைக்கும் நன்மைக்காக ஆகிற கூடுதல் செலவை மட்டுமே அந்த நிதி தரும். உள்ளூர்க்காரனுக்குக் கிடைக்கிற நன்மைக்கு உள்ளூர் அரசே பணம் தேட வேண்டும். அதாவது மனு எழுதும்போதே ஒரு பிளவு வந்துவிடுகிறது. அட்டையும் ஆவுளியாவும் உலகச் சொத்து. பாம்பன் பெண்ணின் வயிறு உள்ளூர் விவகாரம்.

இந்த வழியில்தான் மன்னார் வளைகுடாவுக்கு ஏறக்குறைய 76 லட்சம் டாலர் வந்தது. 2002 முதல் 2012 வரை திட்டம் நடந்தது. ராமநாதபுரத்தில் ஓர் அறக்கட்டளை, ஊருக்கு ஊர் குழுக்கள், சுழல்நிதிக் கடன், மாற்றுத் தொழில். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வது நியாயம் ஆகாது. கடன் வாங்கி நிமிர்ந்த குடும்பங்களும் உண்டு. ஆனால் "மாற்றுத் தொழில்" என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். உன் தொழில்தான் நோய், நீ விலகினால் கடல் பிழைக்கும் என்ற தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. எந்தப் பாதுகாப்பு மனுவிலும் "அச்சுறுத்தல்கள்" என்று ஒரு பத்தி இருக்கும், "பயனாளிகள்" என்று ஒரு பத்தி இருக்கும். நம் சனங்கள் முதல் பத்தியில் குற்றவாளி, இரண்டாம் பத்தியில் கைநீட்டுகிறவர்கள். "விண்ணப்பதாரர்" என்ற இடத்தில் மட்டும் இல்லை. மனு என்ற சொல்லுக்கு நம் வரலாற்றில் இரண்டு அர்த்தம் உண்டு என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மாற்றுத் தொழில் பேரில் வந்த இன்னொரு கதையும் உண்டு. கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை 2000 வாக்கில் பெப்சி நிறுவனம் ராமநாதபுரம் கரையில் வளர்க்கக் கொண்டுவந்தது. பெப்சிப் பாசி என்றே சனங்கள் பேர் வைத்தார்கள். 2008இல் அது குருசடைத் தீவின் பவளத்தின் மேல் படர்ந்து மூடியிருப்பதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். கையால் பாசி பறித்தவள் பாறையைக் கெடுக்கிறாள் என்று விரட்டிய அதே கடலில், கம்பெனி கொண்டுவந்த பாசி பாறையை மூச்சுமுட்ட வைத்தது. இதற்கு எந்த அட்டவணையும் இல்லை.

4

அப்படியானால் நாமே மனு போட்டால் என்ன? போடலாம். ஊர் அமைப்புகளுக்கென்றே உலகச் சுற்றுச்சூழல் வசதியின் சிறுமானியத் திட்டம் 1992இல் தொடங்கியது. தொடக்கத்தில் உச்சவரம்பு 50,000 டாலர். ஆனால் வெளிநாட்டுப் பணத்தை ஒரு சங்கம் வாங்க வேண்டுமானால் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப் பதிவு வேண்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கிக் கணக்கு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பதிவு பெற்ற பெரிய அமைப்பு தான் வாங்கியதைச் சின்ன சங்கத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்த பாசிச் சங்கம் எந்த வாசல் வழியாக உள்ளே போகும்?

பணத்துக்கு முன்னால் உரிமையைக் கேட்க வேண்டும். வனவிலங்குச் சட்டத்தில் 1991இல் வந்த திருத்தம், கடற்பகுதியைச் சரணாலயத்தில் சேர்க்கும்போது உள்ளூர் மீனவரின் தொழில்நலனைக் காக்க ஏற்பாடு செய்த பிறகே எல்லை வரைய வேண்டும் என்கிறது. 2006இன் வன உரிமைச் சட்டம் மீனையும் நீர்நிலையின் பிற விளைபொருளையும் சமூக உரிமையாக ஒப்புக்கொள்கிறது. இந்த வரிகளைப் படித்துக் காட்ட ஆள் இல்லாததால்தான் அவை தூங்குகின்றன. நம் மாணவர்கள் செய்ய வேண்டிய வேலை இது.

2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் ஆவுளியாக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இனியும் நிதி வரும், இனியும் மனு எழுதப்படும். எழுதுகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது மூன்றுதான். கடலில் முங்குகிறவர்களின் பெயர் விண்ணப்பதாரர் இடத்தில் இருக்க வேண்டும். அவர்கள் தாங்களே வகுத்த ஓய்வு நாளும் கட்டுப்பாடும் பாதுகாப்பு முறை என்று எழுதப்பட வேண்டும். இழுவைமடியும் ஆலைக் கழிவும் அச்சுறுத்தல் பத்தியின் முதல் வரியில் வர வேண்டும்.

தர்ஸ்டன் காலத்தில் நாம் அளக்கப்பட்டோம். இந்தத் தடவை பேனாவை இங்கிட்டுக் கொடுங்கய்யா, எங்க கடலப் பத்தி நாங்களே எழுதிக்கிறோம்.