நாடு போனது, கட்டம் வந்தது

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் விழுந்தார். அடுத்த சில வாரங்களில் கிழக்கிந்தியக் கும்பெனியார் இரண்டு காரியங்கள் செய்தார்கள். திப்புவின் பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து காவலில் வைத்தார்கள். பழைய உடையார் வம்சத்துப் பிள்ளை ஒருவரைத் தேடியெடுத்து மைசூர் அரியணையில் உட்கார வைத்தார்கள். அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பவில்லை. அவர்தான் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார்.

முதல் காரியம் எங்கே போய் முடிந்தது என்பது வேலூர்க்காரர்களுக்கு மனப்பாடம். கும்பெனிச் சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. கூடவே தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை. இன்று செருப்பும் ஷூவும் தைத்து உலகத்துக்கே அனுப்பும் வட்டாரத்தில், அன்று ஒரு தோல் துண்டுதான் நெருப்பை மூட்டியது! 1806 ஜூலை 9 அன்று கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம். மறுநாள் விடியுமுன் சிப்பாய்களின் துப்பாக்கிகள் வெடித்தன. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டார். திப்பு குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. சென்னை கவர்னர் வில்லியம் பெண்டிங்க் பிரபு 1807-இல் பதவி இழந்து ஊர் திரும்பினார்.

இந்தப் பெண்டிங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1828-இல் அவர் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்தார். 1830-இல் மைசூர் அரசின் நகர் பகுதியில் வரிச்சுமை தாங்காமல் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நிர்வாகம் சரியில்லை, ராஜா கிருஷ்ணராஜர் ஊதாரி என்று சொல்லி 1831-இல் ஆட்சியைப் பெண்டிங்க் பிடுங்கிக்கொண்டார். ராஜாவுக்கு மிஞ்சியவை அரண்மனை, பட்டம், மானியம். வயது 37. இன்னும் 36 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருக்கப் போகிறார், ஆள்வதற்கு நாடு இல்லாமல்.

அந்த ஆண்டுகளில் அவர் செய்த வேலைகளில் ஒன்று, ஆட்டங்களை உருவாக்குவது. பொழுதுபோகாத ராஜா தாயக்கட்டை உருட்டினார் என்று இதைத் தள்ளிவிட முடியாது. இருக்கிற ஆட்டத்தைப் பிரித்துப் பார்த்தார், கட்டத்தைக் கூட்டினார், விதியை மாற்றினார், புதுப் பெயர் வைத்தார், எழுதியும் வைத்தார். அவர் பெயரில் வழங்கும் 'ஸ்ரீதத்வநிதி' ஒன்பது பகுதிகள் கொண்ட பெருநூல். தெய்வ உருவங்களையும் கிரகங்களையும் சொல்லிக்கொண்டே போய், ஒன்பதாவதான 'கௌதுக நிதி'யில் விளையாட்டுகளுக்கு வந்து சேர்கிறது. அரண்மனைப் பண்டிதர்களும் ஓவியர்களும் உடன் உழைத்திருக்கிறார்கள்; பெயர் மட்டும் ராஜாவுக்கு. இன்றைய விளையாட்டு நிறுவனங்களிலும் வழக்கம் ஏறக்குறைய இதுதான்.

சீட்டாட்டத்தை எடுத்துக்கொள்வோம். முகலாயர் காலத்துக் கஞ்சிஃபா கட்டில் 96 வட்டச் சீட்டுகள். தசாவதாரக் கட்டில் 120. மைசூர் ராஜாவுக்கு இது போதவில்லை. 'சாட்' என்ற வரிசையில் அவர் அமைத்த சில கட்டுகள் முந்நூறு சீட்டுகளைத் தாண்டுகின்றன. ஆடுகிறவர் எத்தனையை மனத்தில் வைத்துக்கொள்வார்? ராஜா அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. படைப்பாளியாக அவருடைய பலவீனம் இதுதான் என்பேன்: சுருக்கத் தெரியாது.

ஆனால் சதுரங்கப் பலகையில் அவர் வேறு ஆள். குதிரையை 64 கட்டங்களிலும், ஒன்றில்கூட இருமுறை இறங்காமல் ஓட்டிவர வேண்டும். இது நம் பக்கத்தில் பழைய வித்தை. தூப்புல் வேதாந்த தேசிகரின் 'பாதுகா சகஸ்ர'த்தில், 32 எழுத்துச் செய்யுள் ஒன்றைக் கட்டத்தில் எழுதிக் குதிரையை ஓட்டினால் அடுத்த செய்யுள் கிடைக்கும். ராஜா எழுத்துக்குப் பதில் எண்ணைப் பிடித்தார். குதிரை இறங்கும் வரிசையில் 1 முதல் 64 வரை எண் போடுங்கள். எந்தக் கிடை வரிசையைக் கூட்டினாலும் 260, எந்த நெடு வரிசையைக் கூட்டினாலும் 260 வர வேண்டும். இப்படியொரு பாதையை அமைத்தவர் என்று சதுரங்கக் கணக்கு நூல்கள் அவரைக் குறிப்பிடுகின்றன.

இதே காலத்து ஐரோப்பாவில் சதுரங்கம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1780-இல் பிரன்சுவிக்கில் ஹெல்விக் என்பவர் பலகையைப் பெரிதாக்கிக் காடு, ஆறு, பீரங்கி எல்லாம் வைத்தார். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற தந்தை 1812-இல் போர்க்கள மேசை ஒன்றை மன்னருக்குக் காட்டினார். ராணுவ அதிகாரியான மகன் 1824-இல் அதற்கு வரைபடம், பகடை, நடுவர் என முழு விதிநூல் எழுத, படையே அதைப் பயிற்சியாக ஏற்றது. பாராட்டிய படைக்குள்ளேயே பொறாமையும் இருந்தது. 1827-இல் அந்த இளைஞர் தற்கொலை செய்துகொண்டார். அந்த நடுவர்தான் பின்னால் கதை சொல்லியாக உருமாறி, 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் உட்கார்ந்தார்.

மைசூரில் பகடை உருண்டது வேறெங்கோ போவதற்கு. 'தேவி சாயுஜ்யம்' என்ற ராஜாவின் பலகையில் காய் போய்ச் சேர வேண்டிய இடம் எதிரியின் கோட்டை அல்ல, சாமுண்டேசுவரி. நாட்டைத் திருப்பிக் கேட்டு மனுக்கள் போட்டுக்கொண்டே இருந்த ஒருவர், ஆட்டத்தில் மட்டும் நாடு பிடிக்க நினைக்கவில்லை.

1868 மார்ச்சில் அவர் இறந்தார். ஆட்சி 1881-இல் அவருடைய வளர்ப்பு மகனிடம் திரும்பியது. ஆட்டங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் தாமதமாகவே வந்தது. மைசூரின் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டான் பழைய பலகைகளைப் புதிதாகச் செய்வித்து, 'கிரீடா கௌசல்யா' என்ற கண்காட்சியில் வைத்து வருகிறது. ராஜா 1861-இல் கட்டிய ஜகன்மோகன் அரண்மனையின் சுவர்களிலும் அவருடைய கட்டங்கள் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. காட்பாடியில் ரயிலேறி ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி, ஜோலார்பேட்டை வழியாகப் போனால் பகல் முடிவதற்குள் மைசூர்.

அடுத்த வாரம் ஆம்பூரிலேயே இறங்கிக்கொள்வோம். 1767-இல் அந்த ஊர்க் கோட்டையை ஹைதர் அலி முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர் கேப்டன் கால்வர்ட்.

(தொடரும்)