வாசல் இல்லாத வேலையிடம்

இரும்பையிலிருந்து கடலோரச் சாலைக்கு வந்து வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள் வரும். விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். ஆண்கள் பாத்தியிலிருந்து உப்பை வாரி வரப்பில் குவிக்க, பெண்கள் அதைத் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுகிறார்கள். கால் வெடித்துப் படுத்தால் கூலி உண்டா? நாளை வராதே என்றால் காரணம் கேட்கலாமா? மேஸ்திரி தவறாக நடந்தால் யாரிடம் சொல்வது?

இவற்றுக்கு எழுதப்பட்ட விதி வேண்டும் என்பதை நம் நாட்டுச் சட்டம் எப்போதோ ஏற்றுக்கொண்டது. முதலாளியின் வாய்ச்சொல்லே விதியாக இருந்த ஆலைகளுக்கு, 1938ஆம் ஆண்டின் பம்பாய்த் தொழில் தகராறுச் சட்டம் முதன்முதலில் நிலையாணைகளைக் கட்டாயமாக்கியது. 1946இல் நாடு முழுவதற்குமான நிலையாணைகள் சட்டம் வந்தது. வேலை நேரம், விடுப்பு, பணிநீக்கம், முறையீடு எல்லாவற்றையும் எழுதி, அதிகாரியிடம் சான்று பெற்று, தொழிலாளர் நுழையும் வாசலருகே, பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் வைக்க வேண்டியிருந்தது. ஆனால் 100 பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது பொருந்தியது.

உப்பளத்துக்கு வாசல் ஏது? ஏறத்தாழ இதே கேள்வி 1961இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வெட்டவெளி எப்படித் தொழிற்சாலையாகும் என்று வாதிட்டார் பம்பாய் உப்பள உரிமையாளர் ஆர்தேஷிர் பிவாண்டிவாலா. கடல்நீரை உப்பாக்குவது உற்பத்திதான், திறந்த நிலமும் தொழிற்சாலையே என்றது நீதிமன்றம். அப்படியானால் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் குடிநீரும் கழிப்பறையும், 30 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகமும் உப்பளத்துக்கும் உரியவையாயின. நிலையாணைச் சட்டமும் தொழிற்சாலைக்கு அதே வரையறையைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது.

சட்டம் கதவைத் திறந்தது. தலைக்கணக்கு அதை மூடிவிட்டது. உப்பளம் பல குத்தகைகளாகப் பிரிந்து, ஆட்கள் மேஸ்திரி வழியாக வரும்போது, எந்தப் பதிவேட்டிலும் 100 பெயர் சேராது. 1997இன் விசாகா தீர்ப்பு, பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான தடையைத் தனியார் நிறுவனங்களின் நிலையாணைகளில் சேர்க்கச் சொன்னது. நிலையாணையே இல்லாத இடத்தில் அதை எதில் சேர்ப்பது? 2013ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பெண்களுக்காக மாவட்டத்தில் உள்ளூர்க் குழு அமைக்கச் சொல்கிறது. ஆனால் அந்தக் குழு இருப்பதை உப்பு சுமக்கும் பெண்ணுக்குச் சொல்லவும் ஒரு அறிவிப்புப் பலகை வேண்டுமே!

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், நிலையாணைகளுக்கான வரம்பை 300 பேராக உயர்த்திவிட்டது. உப்பளத்துப் பெண்ணிடமிருந்து சட்டம் இன்னும் தள்ளிப் போயிருக்கிறது.

மரக்காணத்து உப்பள நிலத்தில் பெரும்பகுதி அரசுடையது. குத்தகை கொடுப்பதும் அரசுதான். நேரம், ஓய்வு, கழிப்பறை, விடுப்பு, முறையீடு ஆகியவற்றைக் குத்தகைப் பத்திரத்திலேயே நிபந்தனையாக எழுத, அங்கே எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தேவையில்லை.