திரும்பி வரணும்னு கொடுத்த பணம்: பார்பர் உதவித்தொகையின் கதை

1/
வெளிநாட்டில் அறிவியல் பிஎச்டி படிக்க உதவித்தொகை கிடைக்குமான்னு தம்பி தங்கைகள் நிறைய பேர் இன்பாக்ஸில் கேட்கறாங்க. எங்கே, எப்படி விண்ணப்பிக்கறதுன்னு சொல்ல ஆள் நிறைய இருக்காங்க. நான் வேற ஒன்னு சொல்றேன். இந்தப் பணத்தை யார், எதுக்காகக் கொடுக்க ஆரம்பிச்சாங்க? வாங்கினவங்க வாழ்க்கை என்ன ஆச்சு? ஒரே ஒரு உதவித்தொகையின் நூறு வருஷக் கதை இது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

2/
1917 பிப்ரவரி. அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு குடியேற்றச் சட்டத்தை நிறைவேற்றுது. அதிபர் வில்சன் வீட்டோ செய்தும், அதை மீறி நிறைவேற்றறாங்க. ஆசியா வரைபடத்தில் ஒரு பெரிய கோடு. அந்தக் கோட்டுக்குள்ள இருக்கற நாட்டுக்காரங்க அமெரிக்காவில் குடியேற முடியாது. இந்தியா அதுக்குள்ள வருது. சீனர்களுக்கு 1882லயே தனிச் சட்டம் போட்டுத் தடுத்தாச்சு.

3/
சட்டத்தில் சில விதிவிலக்கு உண்டு. டாக்டர், ஆசிரியர், வியாபாரி, சுற்றுலாப் பயணி, அப்புறம் மாணவர்கள். இவங்க வரலாம். படிக்க வரலாம், ஆனா இங்கேயே குடும்பம் நடத்தலாம்னு நினைக்கக்கூடாது. இந்த விதிவிலக்கை ஞாபகம் வச்சுக்கோங்க. கதை முழுக்க இதுதான் பின்னணி.

4/
அதே 1917ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு உதவித்தொகை முறைப்படி ஆரம்பிக்குது. கொடுத்தவர் லெவி பார்பர். டெட்ராய்ட் வக்கீல், அதே பல்கலைக்கழகத்தில் படிச்சவர், அதன் நிர்வாகக் குழுவிலும் இருந்தவர். ஆசியப் பெண்களுக்கு மட்டும்தான் அந்தப் பணம். படிப்புச் செலவு, தங்கும் செலவு எல்லாம் அதிலேயே அடங்கும்.

நாடே ஆசியர்களுக்குக் கதவைச் சாத்தற நேரத்தில் இவருக்கு ஏன் இப்படித் தோணுச்சு?

5/
இங்கேதான் எங்க தொழில் வருது. இந்தக் கதை பெண் டாக்டர்கள்கிட்ட இருந்துதான் தொடங்குது.

காங் செங், ஷி மெய்யு. ரெண்டு பேரும் சீனப் பெண்கள். காங் செங் வீட்டில் ஏற்கெனவே அஞ்சு பெண் குழந்தை, ஆறாவதும் பெண். வேண்டாம்னு விட்ட குழந்தையை கெர்ட்ரூட் ஹௌ என்ற அமெரிக்க மிஷனரி தத்தெடுத்தார். அவர் மிச்சிகனில் படிச்சவர். 1892ல் ரெண்டு பெண்களையும் அங்கேயே கூட்டிட்டுப் போனார். 1896ல் ரெண்டு பேரும் எம்.டி. முடிச்சு சீனா திரும்பினாங்க. ஆஸ்பத்திரி நடத்தினாங்க, நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க.

6/
1901ல் மிச்சிகனில் எம்.டி. முடிச்ச ஜப்பானியப் பெண் இனோவே தோமோ. அவர் டோக்கியோ திரும்பி டாக்டர் தொழில் பார்த்தார்.

பார்பர் ஆசியாவில் பயணம் செஞ்சப்ப இந்தப் பழைய மாணவிகளின் வேலையை நேரில் பார்த்தார். ஒரு பெண் படிச்சுட்டு வந்தா ஒரு ஊருக்கே என்ன கிடைக்குதுன்னு கண்ணால் பார்த்த மனுஷன். ஊருக்குத் திரும்பினதும் பணத்தை எடுத்து வச்சார்.

7/
பல்கலைக்கழகத் தலைவருக்கு அவர் எழுதின கடிதத்தின் சாரம் இதுதான்: கீழ்த்திசையில் இருந்து பெண்களை வரவழைப்போம், மேற்கத்தியக் கல்வி கொடுப்போம், அதில் நல்லதுன்னு அவங்களுக்குப் படறதை எடுத்துக்கிட்டு அவங்க மக்கள்கிட்ட திரும்பிப் போகட்டும்.

இதில் ரெண்டு விஷயம் கவனிங்க. நாங்க கொடுக்கறோம், நீங்க வாங்கிக்கறீங்க என்ற மேட்டிமை அதில் இருக்கு. ஆனா எது நல்லதுன்னு முடிவு பண்ற உரிமையை அந்தப் பெண்கள்கிட்டயே விட்டுட்டார். அந்தக் காலத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை.

8/
ஒரு ஒப்பீடு சொன்னா புரியும். அந்தக் காலத்தின் பெரிய பேர் வாங்கின உதவித்தொகை ரோட்ஸ். ரோட்ஸ் 1902ல் இறந்தார். அவர் உயில்படி ஆண்களுக்கு மட்டும்தான் பணம். பெண்களுக்கு அது திறந்தது 1977ல். பார்பர் பணம் அதுக்கு 60 வருஷம் முன்னாடியே, அதுவும் ஆசியப் பெண்களுக்கு.

9/
சரி, நம்ம பக்கம் வருவோம். 1897ல் தலச்சேரியில் பிறந்தவர் ஜானகி அம்மாள். அன்றைக்கு அது சென்னை மாகாணம். சென்னை ராணி மேரி கல்லூரி, அப்புறம் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ். பிறகு பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியை. தீயர் சமூகம். வீட்டில் உறவுக்குள்ளேயே மாப்பிள்ளை பார்த்து வச்சிருந்தாங்க.

அந்த நேரத்தில்தான் பார்பர் உதவித்தொகை கிடைச்சது. கல்யாணம் வேண்டாம்னுட்டு 1924ல் கப்பல் ஏறினார். கடைசி வரை கல்யாணம் பண்ணிக்கவே இல்லை.

10/
அமெரிக்காவில் இறங்கினதும் எல்லிஸ் தீவில் பிடிச்சு வச்சுட்டாங்க. 2/ல சொன்ன சட்டம் ஞாபகம் இருக்கா? மாணவிதான்னு உறுதியாகற வரை காத்திருக்கணும். நீண்ட கூந்தல், பட்டுப் புடவை. பார்த்த அதிகாரிகள் இந்திய இளவரசின்னு நினைச்சு விட்டுட்டாங்கன்னு அவர் குடும்பத்தார் சொல்வாங்க. நீங்க இளவரசியான்னு கேட்டப்ப இல்லைன்னு அவர் மறுக்கலையாம்!

சிரிப்பு வருது. ஆனா யோசிச்சுப் பாருங்க: கையில் பல்கலைக்கழக அனுமதியும் பணமும் இருக்கு, அப்பவும் உள்ளே விட்டது பட்டுப் புடவைதான்.

11/
முதுகலை முடிச்சு சென்னை திரும்பினார். மறுபடி போனார். 1931ல் மிச்சிகன் அவருக்கு டாக்டர் ஆஃப் சயின்ஸ் பட்டம் கொடுத்தது. துறை: செல் மரபியல். செடிகளின் குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் எண்ணி, எந்தச் செடி எதிலிருந்து வந்தது, எதை எதோட கலக்கலாம்னு கண்டுபிடிக்கற வேலை.

12/
இது நமக்கு ஏன் முக்கியம்? மனுஷனுக்குக் குரோமோசோம் 46. நாம ஜூஸ் குடிக்கற கரும்புக்கு நூறுக்கும் மேல. எண்ணறதே பெரும்பாடு.

1912ல் கோயம்புத்தூரில் கரும்பு இனவிருத்தி நிலையம் ஆரம்பிச்சாங்க. தடிச்ச இனிப்புக் கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து 1918ல் கோ 205 ரகத்தை வெளியிட்டாங்க. நாணல் கலந்ததால் கரும்புக்குத் தாக்குப்பிடிக்கற பலம் வந்துச்சு. ஏன் அப்படின்னு குரோமோசோம் அளவில் தெரிஞ்சவங்க தேவைப்பட்டாங்க. 1934ல் ஜானகி அம்மாள் அங்கே சேர்ந்தார். கரும்பை மக்காச்சோளத்தோட, வேற புல் இனங்களோட எல்லாம் கலந்து பார்த்தார்.

13/
பார்பர் கனவு கண்டது அப்படியே நடந்த மாதிரி இருக்கு இல்லையா? போனாங்க, படிச்சாங்க, திரும்பி வந்து நாட்டுக்கு வேலை பார்த்தாங்க.

ஆனா இங்கேதான் கதை மாறுது. தனியா வாழற பெண், பிற்படுத்தப்பட்டதுன்னு சொல்லப்பட்ட சாதி. கூட வேலை பார்த்த ஆண்களோட ஒத்துப்போறது கடைசி வரை சிக்கலாவே இருந்ததுன்னு அவர் வாழ்க்கையை எழுதினவங்க சொல்றாங்க. 1939 ஆகஸ்டில் எடின்பரோவில் உலக மரபியல் மாநாடு. போனார். மாநாடு முடியறதுக்கும் போர் வெடிக்கறதுக்கும் சரியா இருந்தது. அங்கேயே தங்கிட்டார்.

14/
குண்டு விழுந்த லண்டனில் ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தில் வேலை. 1945ல் டார்லிங்டனோட சேர்ந்து பயிர்ச் செடிகளின் குரோமோசோம் அட்டவணை நூலை வெளியிட்டார். அடுத்து ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் விஸ்லி தோட்டம். அங்கே அவர் உழைச்ச மக்னோலியா மரத்தில் ஒரு வகைக்கு இன்றைக்கும் அவர் பேர்தான்.

உதவித்தொகை கொடுத்தது அமெரிக்கா. சொந்த ஊர் இந்தியா. நிம்மதியா ஆராய்ச்சி பண்ண இடம் கிடைச்சது இங்கிலாந்தில்.

15/
1951ல் நேரு கூப்பிட்டார்: வாங்க, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைச்சுக் கொடுங்க. வந்தார். திரும்பி வரச் சொல்லி ஒரு நாடே கூப்பிடறது எல்லாருக்கும் கிடைக்காது. அவருக்கே 50 வயசு தாண்டின பிறகுதான் கிடைச்சது.

1956ல் மிச்சிகன் கௌரவப் பட்டம். 1977ல் பத்மஸ்ரீ. கடைசிக் காலத்தில் சென்னை மதுரவாயலில் இருந்த ஆய்வுக்கூடத்தில் வேலை. 1984ல் இறந்தார்.

16/
இன்னொரு பார்பர் மாணவி: சீனாவின் வூ யிஃபாங். 1928ல் மிச்சிகனில் உயிரியலில் பிஎச்டி. திரும்பினதும் அவருக்காக ஒரு நாற்காலி தயாரா இருந்தது. நான்ஜிங்கில் ஜின்லிங் பெண்கள் கல்லூரியின் தலைவர் பதவி. ஜப்பான் படையெடுப்பில் கல்லூரியையே செங்டுவுக்கு மாத்தி நடத்தினார். 1945ல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்துப் போட்ட பெண்கள் நாலே பேர். அதில் ஒருவர் இவர்.

ஒரே உதவித்தொகை, ஒரே பல்கலைக்கழகம். ஒருத்தருக்கு வந்து இறங்கினதும் கல்லூரி. இன்னொருத்தருக்கு இருபது வருஷ அலைச்சல். வித்தியாசம் மிச்சிகனில் இல்லை, அவங்க திரும்பின இடத்தில் இருந்தது.

17/
அந்தப் பல்கலைக்கழகம் சொர்க்கம்னு நினைச்சுடாதீங்க. 1936ல் சியென்-ஷியுங் வூ என்ற சீன இயற்பியல் மாணவி, இந்த உதவித்தொகை இல்லாம, குடும்பப் பணத்தில் மிச்சிகனுக்குக் கிளம்பினார். வழியில் பெர்க்லியைப் பார்த்தார். மிச்சிகன் மாணவர் மன்றத்தில் பெண்கள் முன்வாசல் வழியா போகக்கூடாதுன்னு அங்கே கேள்விப்பட்டார். பெர்க்லியிலேயே சேர்ந்துட்டார்.

அணு இயற்பியலில் சரித்திரம் படைச்சார். ஆனா போர், அப்புறம் புரட்சி. அப்பா அம்மாவை அவர் திரும்பப் பார்க்கவே இல்லை. திரும்பறதுக்கு ஒரு விலைன்னா, திரும்பாததுக்கும் ஒரு விலை இருந்தது.

18/
பார்பர் மாணவிகள் திரும்பினது சேவை மனசால் மட்டுமான்னு கேட்டா, இல்லை. 1923ல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடையாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. 1946ல்தான் அது மாறுது, அப்பவும் வருஷத்துக்கு 100 இந்தியர்தான் குடியேறலாம். போங்கன்னு சட்டம் சொல்லுச்சு, போய்ச் சேவை செய்ங்கன்னு பணம் கொடுத்தவர் சொன்னார். ரெண்டும் ஒரே திசையைக் காட்டுச்சு. போற இடத்தில் என்ன இருக்குன்னு பார்க்கற பொறுப்பைத்தான் யாரும் எடுத்துக்கலை.

19/
அந்தக் கேள்வி இன்னிக்கும் இருக்கு. ஃபுல்பிரைட்-நேரு வாங்கினா படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் ஊரில் இருக்கணும். பிரிட்டனின் காமன்வெல்த் உதவித்தொகையிலும் திரும்பறேன்னு உறுதி கொடுக்கணும். தப்பே இல்லை. ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. பணம் யாருது? திரும்பணும்னு நிபந்தனை உண்டா? திரும்பினா என் துறையில் ஆய்வுக்கூடம் இங்கே எங்கே இருக்கு?

மூணாவதை யாருமே கேட்கறதில்லை. ஜானகி அம்மாள் வாழ்க்கையையே புரட்டிப் போட்டது அதுதான்.

20/
பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் அறிவியல் பிஎச்டிக்குப் பெரும்பாலும் கட்டணம் தள்ளுபடி, கூடவே ஆசிரியர் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் வேலைக்கு மாதச் சம்பளம். ஜெர்மனியில் பலர் வேலை ஒப்பந்தத்திலேயே பிஎச்டி பண்றாங்க. லட்சக்கணக்கில் சொந்தக் காசு கட்டுன்னு யாராவது சொன்னா வீட்டை அடமானம் வைக்கறதுக்கு முன்னாடி நல்லா விசாரிங்க.

பார்பர் உதவித்தொகை இன்னும் நடக்குது. துருக்கியில் இருந்து ஜப்பான், பிலிப்பைன்ஸ் வரைக்கும் உள்ள நாட்டுப் பெண்களுக்கு. நேரா விண்ணப்பிக்க முடியாது, மிச்சிகனில் படிக்கறவங்களை அவங்க துறைதான் பரிந்துரைக்கணும்.

பொண்ணுக்கு இடம் கிடைச்சிருக்கு, ஆனா வரன் வந்திருக்கேன்னு குழப்பத்தில் இருக்கற வீடு உங்களுக்குத் தெரிஞ்சா இந்த இழையை அனுப்புங்க.