காரின் டச் ஸ்கிரீனுக்குள் ஒளிந்திருக்கும் 'சர்வீஸ் மெனு': எதைப் பார்க்கலாம், எதைத் தொடக்கூடாது?

ரிவர்ஸ் கியர் போட்டால் கேமரா வரவில்லை. மேப் உங்கள் காரை இரண்டு தெரு தள்ளிக் காட்டுகிறது. இடது பக்க ஸ்பீக்கரில் மட்டும் சத்தமே இல்லை. சர்வீஸுக்கு விட்டால், 'யூனிட்டையே மாத்தணும் சார்' என்ற பதிலோடு ஒரு பெரிய தொகையும் சொல்லப்படலாம். அதற்குத் தலையாட்டும் முன், பழுது உண்மையிலேயே யூனிட்டில்தானா என்று நீங்களே ஓரளவு பார்த்துவிட முடியும். அதற்கான பக்கங்கள் பல கார்களின் இன்ஃபோடெயின்மென்ட் திரைக்குள்ளேயே இருக்கின்றன. வழக்கமான செட்டிங்ஸில் அவை கண்ணில் படாது, அவ்வளவுதான்.

இந்த மெனு யாருக்காக வைத்தது?

தொழிற்சாலையில் யூனிட்டைச் சோதிப்பவர்களுக்கும் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்கும். 'சர்வீஸ் மோட்', 'இன்ஜினியரிங் மோட்', 'டயக்னாஸ்டிக் மெனு' என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர். தவறுதலாக யாரும் உள்ளே போய்விடக்கூடாது என்பதற்காகவே பட்டன் சேர்க்கை, பாஸ்வேர்டு போன்ற தடைகளை வைத்திருக்கிறார்கள்.

எப்படித் திறப்பது?

எல்லா கார்களுக்கும் ஒரே ஃபார்முலா கிடையாது. ஃபோர்டின் சிங்க் 3 உள்ள பல கார்களில் எஜெக்ட் பட்டனையும் வலது சீக் பட்டனையும் சேர்த்துச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஃபோக்ஸ்வேகனின் எம்ஐபி வகை யூனிட்கள் பலவற்றில் மெனு பட்டனை 10 விநாடி வரை அழுத்திப் பிடித்தால் போதும். ஹூண்டாய், கியா கார்களில் பெரும்பாலும் அப்டேட் பக்கத்தில் குறிப்பிட்ட இடத்தைப் பலமுறை தட்டிவிட்டு பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். பிஎம்டபிள்யூவின் பழைய இ46 மாடலில் மெனு ஸ்பீடோமீட்டர் பக்கம் இருக்கிறது. அதன் பூட்டைத் திறக்க, சேசிஸ் எண்ணின் கடைசி 5 இலக்கங்களைக் கூட்டினால் வரும் எண் வேண்டும்.

மாடல், வருடம், சாஃப்ட்வேர் வெர்ஷன் மாறினால் முறையும் மாறும். அதனால் உங்கள் யூனிட்டின் வெர்ஷனை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன தெரியும்?

யூனிட்டுக்கு யூனிட் வித்தியாசம் உண்டு. பொதுவாக இவை கிடைக்கும்:

• வாகன சிக்னல்: ரிவர்ஸ், ஹேண்ட்பிரேக், வேகம் ஆகிய தகவல்கள் யூனிட்டுக்கு வந்து சேர்கின்றனவா என்று காட்டும். இக்னிஷனை ஆன் செய்து, இன்ஜினை ஓடவிடாமல், பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். சிக்னல் மாறுகிறது, படம் மட்டும் வரவில்லை என்றால் முதல் சந்தேகம் கேமரா அல்லது அதன் ஒயர் மீது. சிக்னலே மாறவில்லை என்றால் ரிவர்ஸ் சுவிட்ச், வயரிங் பக்கம் தேட வேண்டும்.

• ஜிபிஎஸ்: இடத்தைச் சரியாகக் கணக்கிட குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் தேவை. திறந்த மைதானத்தில் நிறுத்தியும் எண்ணிக்கை பூஜ்ஜியம் என்றால், ஆன்டெனாவையோ அதன் கேபிளையோ பார்க்கச் சொல்லுங்கள்.

• ஸ்பீக்கர்: ஒவ்வொன்றாக டெஸ்ட் சத்தம் எழுப்பும். எல்லாவற்றிலும் சத்தம் வந்தால், பேலன்ஸ் செட்டிங்கை யாரோ ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கலாம். செலவே இல்லை.

• பேட்டரி: நன்றாக சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி, இன்ஜின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வரை இருக்கும். திரை அடிக்கடி ரீஸ்டார்ட் ஆவதற்குப் பலவீனமான பேட்டரியும் காரணமாகலாம்.

இன்ஜின் கோளாறும் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. திரை ஒரு கம்ப்யூட்டர், இன்ஜினைக் கட்டுப்படுத்துவது வேறு கம்ப்யூட்டர். இன்ஜினின் கதை ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் ஓபிடி போர்ட் வழியாகத்தான் வரும். இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் தயாரான கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயமானது. புளூடூத் அடாப்டர் ஒன்றும் மொபைல் ஆப்பும் இருந்தால் கோளாறு கோடுகளைப் படிக்கலாம். உதாரணமாக, பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். விற்பதற்கு முன் கோடுகளை அழித்துவிட்டால் செக் இன்ஜின் விளக்கு அணைந்துவிடும், கோளாறு அப்படியே இருக்கும். ஆனால் பல கார்களில் 'கோடு அழித்த பிறகு ஓடிய தூரம்' என்ற தகவலும் பதிவாகியிருக்கும். 60,000 கி.மீ. ஓடிய காரில் அது வெறும் 12 கி.மீ. என்று காட்டினால், 'எதை அழிச்சீங்க?' என்று விற்பவரிடம் கேளுங்கள். பேட்டரி மாற்றினாலும் சில கார்களில் இந்த எண் பூஜ்ஜியமாகும் என்பதால், அதற்கான பில்லையும் கேட்கலாம்.

எதைத் தொடக்கூடாது?

பார்ப்பதில் ஆபத்து குறைவு, மாற்றுவதில்தான் சிக்கல். ரீஜன், வேரியன்ட் கோட், மெமரி அழிப்பு, ஃபர்ம்வேர் அப்டேட் பக்கங்களில் விரல் வைக்காதீர்கள். ரீஜனை அமெரிக்கா என்று மாற்றினால், ரேடியோ 101.3-லிருந்து நேராக 101.5-க்குத் தாவும். சென்னை எஃப்எம் ரெயின்போவின் 101.4 கிடைக்காமல் போகும். இது சின்ன பாதிப்புதான். தவறான ஃபர்ம்வேர் ஏறினால் திரை மறுபடி எழாமலே போகலாம். அனுமதியில்லாத மாற்றம் என்று சொல்லி வாரண்டியை மறுக்கவும் அது காரணமாகிவிடும்.

இந்த யூனிட்கள் எவ்வளவு எளிதில் முடங்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2022 தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு ரேடியோ நிலையம், ஒலிபரப்புடன் அனுப்பிய படக் கோப்புகளில் ஃபைல் வகையைக் குறிக்கும் எக்ஸ்டென்ஷன் இல்லை. அந்த நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்த 2014 முதல் 2017 வரையிலான மாடல் மஸ்டா கார்கள் சிலவற்றின் திரைகள் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. யாரும் எந்த மெனுவையும் தொடவில்லை!

இந்தத் தகவல் யாருக்குச் சொந்தம்?

உதிரி பாகங்களையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததாகக் கூறி, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்து ஆராயக் குழு அமைத்தபோது, அதன் பட்டியலில் வாகனத் துறையும் இருந்தது. உங்கள் காரில் என்ன கோளாறு என்று தெரிந்துகொள்வது பணம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால்தான் இத்தனை இழுபறி.

சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன்

1. காரை நிறுத்திவிட்டு மட்டும் மெனுவைத் திறங்கள்.
2. ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். எதையும் 'சேவ்' செய்யாமல் வெளியே வாருங்கள்.
3. 'யூனிட்டை மாத்தணும்' என்றால், எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.
4. காரை விற்பதாக இருந்தால் சர்வீஸ் மெனு தேவையில்லை. சாதாரண செட்டிங்ஸில் உள்ள ஃபேக்டரி ரீசெட் போதும். அதைச் செய்யாமல் சாவியைக் கொடுத்தால், உங்கள் போன் தொடர்புகளும் வீட்டு முகவரியும் காரோடு சேர்ந்து போய்விடும்.